தோழியருடன் ஒரு சிறிய ஊரில் இரண்டு நாள் ஓய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, நகர நெரிசல் இல்லாத ஒரு சிறிய ஊரில் வார இறுதியைக் கழித்துவிட்டு வர விரும்புகிறவர்களுக்காக இந்த விடைகளை எழுதியிருக்கிறேன். ஓய்வுக்காகப் போகும் பயணத்துக்குத் திட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கிளம்புவதற்கு முன் பேச வேண்டியதைப் பேசி முடிக்காத குழுதான், போன இடத்தில் அடுத்து எங்கே போவது, எங்கே சாப்பிடுவது, யார் பணம் கொடுப்பது என்று இரண்டு நாளும் பேசிக்கொண்டே இருக்கும். ஆகவே, வீட்டில் இருக்கும்போதே தீர்க்க வேண்டியவற்றுக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எப்படிப்பட்ட ஊரைத் தேர்ந்தெடுக்கலாம்?

தங்கும் இடத்திலிருந்து கடைத்தெரு, ஒன்றிரண்டு உணவகங்கள், உட்கார்ந்து பேச நிழலுள்ள ஒரு பொது இடம், நடந்து திரிய ஓர் ஆற்றங்கரையோ ஏரிக்கரையோ பழைய தெருக்களோ ஆகிய அனைத்தும் கால் மணி நேர நடைக்குள் அமைந்திருக்கும் ஊர்தான் இதற்குப் பொருத்தமானது. ஒவ்வொன்றுக்கும் வண்டி எடுக்க வேண்டுமென்றால் வண்டியில் ஏறவும் இறங்கவும் நிறுத்த இடம் தேடவுமே நேரம் போய்விடும்.

இத்தாலியில் 1999-இல் தொடங்கிய சித்தாஸ்லோ இயக்கம் அவசரமற்ற வாழ்க்கையைப் பேணும் ஊர்களுக்கு அங்கீகாரம் அளித்துவருகிறது. மக்கள்தொகை 50,000-க்கு உட்பட்ட ஊர்களையே அது உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கிறது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஊருக்கு அந்த அங்கீகாரம் இருக்க வேண்டும் என்பதில்லை. அளவை மனத்தில் கொள்ள அந்த எண் உதவும். புகழ்பெற்ற சுற்றுலாத்தலம் என்பதற்காக ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதே என் அறிவுரை. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் நீளமாக உள்ள ஊருக்குப் போனால், பார்க்காமல் விட்டது எது என்ற எண்ணம் ஒருவருக்காவது இருந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு தொலைவு வரை போகலாம்?

வீட்டு வாசலிலிருந்து தங்குமிடத்தின் வாசல் வரை மூன்று மணி நேரத்துக்குள் அடங்கினால் நல்லது. இரண்டு இரவு மட்டுமே தங்கும் பயணத்தில் போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம் என்றால், ஒரு முழுப் பகல் வழியிலேயே கழிந்துவிடும். தோழியர் வெவ்வேறு ஊர்களில் வசிப்பவர்களானால் நடுவில் உள்ள ஊரைத் தேடுவது வழக்கம். வரைபடத்தில் நடுவில் இருக்கும் ஊரைவிட, எல்லோருக்கும் நேரடி ரயிலோ பேருந்தோ உள்ள ஊர் மேலானது.

சொந்தக் காரில் போகிறவர்கள், இரண்டு மணி நேரம் ஓட்டியதும் குறைந்தது 15 நிமிடம் நிறுத்தி இளைப்பாற வேண்டும் என்று பிரிட்டனின் சாலை விதிக் கையேடு சொல்வதைப் பின்பற்றலாம். ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால் ரயிலையே பரிந்துரைப்பேன். பேசிச் சிரித்துக்கொண்டு வரும் தோழியர் நடுவில் ஒருவர் மட்டும் சாலையையே பார்த்துக்கொண்டு வருவதும், வேலை நாளின் களைப்போடு இருட்டில் ஓட்டுவதும் அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

எத்தனை பேர் போவது சரி?

நான்கு பேர் என்று தயங்காமல் சொல்வேன். மக்கள் தாமாகக் கூடிப் பேசும் குழுக்களைக் கவனித்த பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பேச்சில் இயல்பாகக் கலந்துகொள்வோரின் எண்ணிக்கை ஏறக்குறைய நான்கோடு நின்றுவிடுவதைக் காட்டினார்கள். அதற்குமேல் ஆள் சேர்ந்தால் பேச்சு இரண்டாகப் பிரிகிறது. உணவு மேசையில் ஆறேழு பேராக உட்கார்ந்திருக்கும்போது இதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நான்கு பேர் இருக்கும் குழுவில் இருவர் இருவராகக் கணக்கிட்டால் ஆறு உறவுகள். ஆறு பேர் என்றால் பதினைந்து. எட்டுப் பேர் என்றால் இருபத்தெட்டு. அத்தனை உறவுகளும் சுமுகமாக இருந்தால்தான் பயணம் இலேசாக இருக்கும். எட்டுப் பேராகப் போவதில் தவறில்லை. எப்போதும் எட்டுப் பேரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் விட்டுவிட வேண்டும். மூவராகப் போகும்போது இருவர் ஒட்டிக்கொண்டு மூன்றாமவர் ஒதுங்கிப்போகும் நிலை வரக்கூடும் என்பதால், அறையையும் இருக்கைகளையும் மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்வது நல்லது.

எல்லோரும் "எனக்கு எதுவானாலும் சரி" என்றால் எப்படி முடிவெடுப்பது?

தோழியர் குழுக்களில் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஜெர்ரி ஹார்வி என்ற அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் 1974-இல் எழுதிய ஒரு கட்டுரையில் தம் குடும்ப அனுபவத்தைச் சொல்கிறார். டெக்சாசில் கடும் வெயில் நாளொன்றில் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருந்த நால்வர், அவருடைய மாமனார் பேச்சுக்குச் சொன்ன ஒரு யோசனையை ஏற்று, குளிர்சாதன வசதி இல்லாத காரில் 53 மைல் தொலைவிலுள்ள அபிலீன் நகருக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, புழுதியும் களைப்புமாகத் திரும்பி வந்தார்கள். வந்த பிறகு பேசிப் பார்த்தால், அவர்களில் ஒருவருக்கும் போக விருப்பமே இருந்திருக்கவில்லை. மற்றவர்கள் விரும்புகிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறார்கள். யோசனை சொன்ன மாமனாரும், மற்றவர்களுக்குப் பொழுது போகவில்லையோ என்று நினைத்தே அதைச் சொல்லியிருக்கிறார்.

பிறர் மனம் கோணக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண்களின் குழுவில் இது நடக்க வாய்ப்பு மிக அதிகம். எனவே "எங்கே போகலாம்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஒருவர் இரண்டே இரண்டு ஊர்களையும் இரண்டே இரண்டு தேதிகளையும் முன்வைத்து, மற்றவர்கள் ஒருவர் பதிலை ஒருவர் பார்க்காதபடி தனித்தனியாக எழுதி அனுப்பச் சொல்லலாம். கூடவே இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இந்தப் பயணத்தில் உனக்குக் கட்டாயம் வேண்டியது ஒன்று என்ன? கட்டாயம் வேண்டாதது ஒன்று என்ன?" ஒருத்தி "காலையில் யாரும் என்னை எழுப்பக்கூடாது" என்று எழுதுவாள், இன்னொருத்தி "மலை ஏற வேண்டாம், முழங்கால் வலிக்கிறது" என்று எழுதுவாள், மூன்றாமவள் "செலவு இந்தத் தொகையைத் தாண்டினால் என்னால் முடியாது" என்று எழுதுவாள். நேரில் கேட்டிருந்தால் மூவருமே "எதுவானாலும் சரி" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

எந்த நாட்களில் போவது நல்லது?

சிறிய ஊர்களில் கடைகளுக்கு வார விடுமுறை உண்டு. உணவகங்கள் இரவில் சீக்கிரமே அடுப்பை அணைத்துவிடும். கடைசிப் பேருந்தும் சீக்கிரமே போய்விடும். அருங்காட்சியகங்கள் பல நாடுகளில் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதால், ஒரு நாள் கூடுதலாக விடுப்பு எடுக்கிறவர்கள் திங்களைவிட வெள்ளியை எடுப்பது பயனுள்ளது. அந்த வாரத்தில் ஊரில் திருவிழாவோ பெரிய திருமணமோ போட்டியோ இருக்கிறதா என்று தங்குமிடத்தாரைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வாரச் சந்தை கூடும் நாள் உங்கள் இரண்டு நாட்களில் ஒன்றாக அமைந்தால், அதைவிடச் சுலபமான பொழுதுபோக்கு வேறில்லை.

விடுதி அறைகளா, தனி வீடா?

ஒன்றாக உட்கார்ந்து பேசுவதற்காகப் போகிறீர்கள் என்பதால் தனி வீடு நல்லது. ஆனால் வீடு என்றதும் சமையலும் பாத்திரமும் பெருக்குவதும் கூடவே வந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. வாடகை வீட்டில் காலை உணவை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற வேளைகளுக்கு வெளியே போவது நடுவழி. பதிவு செய்வதற்கு முன் படங்களைப் பார்த்து மகிழ்ந்தால் போதாது, கட்டில்களை எண்ணுங்கள். "ஆறு பேர் தங்கலாம்" என்ற அறிவிப்பில் பெரும்பாலும் இருவர் கூடத்துச் சோபாவில் படுக்க வேண்டியிருக்கும். குளியலறை எத்தனை, படுக்கையறைகளுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, மாடிப்படி செங்குத்தானதா, இரவில் வாசலில் விளக்கு எரியுமா, சாவியை யார் எத்தனை மணி வரை தருவார்கள் என்பவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

யார் எந்த அறையில் என்பதையும் போகும் முன்பே முடிவு செய்துவிடலாம். குறட்டை விடுகிறவர், இலேசான சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறவர், இரவில் அடிக்கடி எழுந்திருக்கிறவர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் தோழமை இருக்கும் அல்லவா? புதிய இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராததற்கு உடலியல் காரணமும் உண்டு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி மற்றொரு பாதியைப்போல ஆழ்ந்து உறங்காமல், சத்தங்களுக்குக் கூடுதல் விழிப்போடு இருந்ததைக் கண்டார்கள். ஆகவே, வந்த மறுநாள் காலையில் எந்த நிகழ்ச்சியையும் வைக்காதீர்கள். வீட்டுத் தலையணை உறையை எடுத்துப் போவதும் காதடைப்பான் வைத்துக்கொள்வதும் உதவும்.

வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது?

உலகத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஊதியமில்லாத பராமரிப்பு வேலைக்கு உலகம் முழுவதும் செலவாகும் நேரத்தில் 76.2 சதவீதம் பெண்களுடையது. இரண்டு நாள் ஊருக்குப் போவதற்கே பல பெண்கள் தயங்குவதன் காரணம் இந்த எண்ணிலேயே இருக்கிறது. அவர்கள் கிளம்பும்போது ஒரு வீட்டின் நினைவாற்றலே கிளம்பிப் போகிறது.

எல்லா வேலையையும் முன்கூட்டியே செய்து வைத்துவிட்டுக் கிளம்புவது இதற்குத் தீர்வாகாது. இரண்டு நாளுக்கான உணவைச் சமைத்து அடுக்கி, துணிகளை மடித்து, ஒவ்வொரு மணிக்கும் குறிப்பு எழுதி ஒட்டிவிட்டு வருகிறவர் பாதி ஓய்வை வரும் முன்னரே செலவழித்துவிடுகிறார். வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் பொறுப்பை முழுமையாக ஒப்படையுங்கள்: மருந்து வேளைகள், மருத்துவர் எண், பள்ளி தொடர்பான அவசரச் செய்தி ஆகிய மூன்றையும் மட்டும் எழுதிக் கொடுத்து, மற்றதை அவர் தம் வழியில் செய்துகொள்ள விட்டுவிடுங்கள். வீட்டுக்கு எப்போது பேசுவது என்று ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டால் நாள் முழுதும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கைக்குழந்தை உள்ளவரோ, நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொள்பவரோ குழுவில் இருந்தால், அவருக்கு அருகிலுள்ள ஊரையே எல்லோரும் தேர்ந்தெடுப்பது தோழமையின் கடமை என்று கருதுகிறேன்.

இதே அக்கறை குழுவுக்குள்ளும் வேண்டும். எல்லாவற்றையும் ஏற்பாடு செய்யும் ஒருத்தி ஒவ்வொரு குழுவிலும் இருப்பாள். பயணச்சீட்டு ஒருவர், தங்குமிடம் ஒருவர், உணவக முன்பதிவு ஒருவர், கணக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளாவிட்டால், வீட்டில் சுமக்கும் அதே சுமையை அவள் ஊர் மாற்றிச் சுமப்பாள்.

நாள் ஒழுங்கு எப்படி இருக்கலாம்?

பகலுக்கு ஒரு நிகழ்ச்சி, மாலைக்கு ஒரு நிகழ்ச்சி, அவ்வளவே. எந்த வேலைக்கும் ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடும் மனித இயல்பை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே விளக்கியிருக்கிறார்கள். நான்கு பேர் ஒரு வீட்டிலிருந்து கிளம்ப அரை மணி ஆகும் என்று நினைத்தால் ஒரு மணி ஆகும்.

நடைமுறையில் சனிக்கிழமை இப்படிப் போகலாம். விழித்தவர் விழித்த நேரத்தில் எழுந்து, மற்றவர் தூக்கம் கெடாமல் கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே ஒரு நடை போய் வருகிறார். ஒன்பதரை மணிவாக்கில் கலைந்த தலையோடு ஒவ்வொருவராகக் கூடத்துக்கு வர, காலை உணவு பதினொரு மணி வரை நீள்கிறது. பிறகு கடைத்தெரு வழியாக நடந்து, ஏதோ ஒரு கடையில் ஒருத்தி துணிகளைப் புரட்டிக்கொண்டிருக்க மற்றவர்கள் வாசல் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. முன்பதிவு செய்த இடத்தில் மதிய உணவு, பின்பு இரண்டு மணி நேரத் தூக்கமோ வாசிப்போ, வெயில் தாழ்ந்ததும் நீர்க்கரையில் நடை. அந்த ஊரில் பார்க்க வேண்டிய கோட்டையோ அருவியோ இருந்தால், அதை இந்த நாளின் ஒற்றை நிகழ்ச்சியாக வைத்து, மற்றவற்றைக் குறைத்துவிடலாம். ஞாயிறு காலையை வெறுமையாகவே விடுங்கள். மழை வந்தால் என்ன செய்வது என்று ஒரே ஒரு மாற்று மட்டும் கையில் இருக்கட்டும்.

எனக்குக் கொஞ்சம் தனிமை வேண்டும் என்றால் தோழியர் தவறாக நினைப்பார்களா?

முன்பே சொல்லிவிட்டால் நினைக்க மாட்டார்கள். மதிய உணவுக்குப் பிறகான இரண்டு மணி நேரம் அவரவருக்கு உரியது என்று எல்லோருக்கும் பொதுவான ஏற்பாடாக வைத்துவிடுங்கள். அப்போது தனியே போகிறவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

செலவை எப்படிப் பகிர்ந்துகொள்வது?

வருமானம் ஒரே அளவில் இல்லாத குழுவில், குறைவாகச் செலவிட முடிந்தவரின் எல்லையை எல்லோருக்குமான எல்லையாக வைத்துக்கொள்ள வேண்டும். அது யாருடைய எல்லை என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. தங்குமிடம், பயணம், சேர்ந்து சாப்பிட்ட உணவு ஆகியவை பொதுக்கணக்கு. மதுபானம், கடைப் பொருள், தனி விருப்பங்கள் அவரவர் கணக்கு.

ஒவ்வொரு உணவகத்திலும் தொகையை நான்காகப் பிரிப்பதைவிட, யார் எவ்வளவு கொடுத்தார் என்று குறித்துக்கொண்டே போய் இறுதியில் தீர்ப்பது எளிது. ஓர் எடுத்துக்காட்டு: நால்வரின் பொதுச்செலவு 8,000. முதலாமவர் 4,000, இரண்டாமவர் 1,600, மூன்றாமவர் 2,400 கொடுத்திருக்கிறார். நான்காமவர் ஒன்றும் கொடுக்கவில்லை. தலைக்கு 2,000 என்பதால், நான்காமவர் முதலாமவருக்கு 2,000 தருகிறார். இரண்டாமவர் மூன்றாமவருக்கு 400 தருகிறார். இரண்டே கைமாற்றில் கணக்கு தீர்ந்தது. எத்தனை பேர் இருந்தாலும், ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்த கைமாற்றுகளுக்குள் எந்தக் கணக்கையும் தீர்த்துவிட முடியும். சிறிய ஊர்களில் அட்டையோ கைபேசிப் பணமோ செல்லாத கடைகள் இருக்கும் என்பதால் கொஞ்சம் ரொக்கமும் வைத்திருங்கள்.

பாதுகாப்புக்கு என்னென்ன கவனிக்க வேண்டும்?

தங்குமிடத்தின் முகவரியும் திரும்பும் நேரமும் பயணத்துக்கு வராத ஒருவரிடம் இருக்க வேண்டும். ஊருக்கு இருட்டும் முன் போய்ச் சேர்ந்துவிடுங்கள். பழக்கமில்லாத வீட்டின் பூட்டையும் வழியையும் வெளிச்சத்தில் பார்த்து வைப்பது நல்லது. தங்குமிடம் உள்ள பகுதியின் வரைபடத்தை, இணையம் இல்லாதபோதும் திறக்கும்படி கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டின் அவசர உதவி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் கைபேசியிலிருந்து 112-ஐ அழைத்தால் அவசர சேவைக்கு இணைப்பு கிடைக்கும். இரவில் வாடகை வண்டி எளிதில் கிடைக்காத ஊரானால், உணவகத்துக்குப் போகும் முன்பே திரும்புவதற்கான வண்டியைப் பேசி வைக்க வேண்டும்.

"இப்போது இங்கே இருக்கிறோம்" என்று படங்களை உடனுக்குடன் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவது, நான்கு பெண்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள், யாருடைய வீடு பூட்டிக் கிடக்கிறது என்ற இரண்டையும் ஊருக்கே சொல்வதாகும். வீடு திரும்பிய பிறகு வெளியிடலாம். அதுவும் படத்தில் உள்ள ஒவ்வொருவரின் சம்மதத்தோடு.

மருந்து, மாதவிடாய்ப் பொருட்கள்?

சிறிய ஊரின் மருந்துக்கடை விடுமுறை நாளில் மூடியிருக்கலாம். வழக்கமான மாத்திரைகள், வலிநிவாரணி, வயிற்றுப்போக்குக்கான உப்புக்கரைசல் பொடி, நாப்கின்கள் ஆகியவை ஒரு பொதுப் பையில் இருந்தால் போதும். ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர், தம் மருந்து எங்கே இருக்கிறது என்று உடன் இருக்கும் ஒருவரிடமாவது சொல்லி வைக்க வேண்டும்.

பயணத்தின் நடுவில் மனத்தாங்கல் வந்தால்?

பசியும் தூக்கக் குறைவும் காரணமா என்று முதலில் பாருங்கள். பாதிச் சண்டைகள் உணவு தாமதமானதால் வருகின்றன. உண்மையான காரணம் இருந்தால், சம்பந்தப்பட்ட இருவரும் நடை போய்ப் பேசித் தீர்ப்பது நல்லது. மற்றவர்கள் நியாயம் சொல்லப் போக வேண்டாம். பழைய கணக்குகளைத் தீர்க்க இரண்டு நாள் பயணம் ஏற்ற இடமன்று.

ஒருத்தி கடைசி நேரத்தில் வரமுடியாமல் போனால் அவளுடைய பங்கு என்னாவது?

இதைப் பதிவு செய்யும் நாளிலேயே பேசிவிட வேண்டும். தங்குமிடத்தின் பங்கை அவர் தரவேண்டும், உணவுக்கும் உள்ளூர்ப் பயணத்துக்கும் தரவேண்டியதில்லை என்பது நியாயமான ஏற்பாடு. நோய், வீட்டில் நெருக்கடி போன்ற காரணமானால் மற்றவர்கள் அந்தப் பங்கைப் பகிர்ந்துகொள்ளலாம். எந்தத் தேதி வரை கட்டணமின்றி ரத்து செய்யலாம் என்பதைத் தங்குமிடத்தின் விதிகளில் பார்த்து, அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்னதாக "எல்லோரும் உறுதிதானே? மாற்றம் இருந்தால் இன்றே தயங்காமல் சொல்லுங்கள்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். அப்போது வரமுடியாது என்று சொல்கிறவரிடம் காரணம் கேட்டு வற்புறுத்தாமல், அடுத்த முறைக்கான தேதியை அவரையே குறிக்கச் சொல்லுங்கள்.